முப்பது எண்கள், முப்பத்தொரு ரெஃபரன்ஸ்கள்: ஒரு மருத்துவக் கட்டுரையின் பட்டியலைச் சரிசெய்த நிகழ்வு

பின்னணி

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் தீசிஸ் டைப்பிங், பக்க வடிவமைப்பு, பைண்டிங் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. நூலக அறிவியல் படித்தவன் என்பதால் ரெஃபரன்ஸ் பட்டியல், அதாவது கட்டுரைக்குள் எண் போட்டுச் சுட்டும் மூலங்களின் பட்டியல், சரிபார்க்கும் வேலையையும் 15 வருடங்களாகச் செய்து வருகிறேன். இங்கே எழுதுவது 2023 டிசம்பரில் தொடங்கி மறு வருடம் முடிந்த ஒரு வேலை. சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டு, அவர்கள் யாரென்று தெரியாதபடி எழுதுகிறேன்.

ஒருவர் பொது மருத்துவத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த பி.ஜி. மாணவி. இன்னொருவர் அவருடைய கைடு, பல வருடங்களாக எனக்குப் பழக்கமானவர். கட்டுரை ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பற்றியது. புதர்க்காட்டில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் காய்ச்சல் அது. மழைக்காலம் முடியும் நேரத்தில் களக்காடு, பாபநாசம், மணிமுத்தாறு என்று மலையடிவார ஊர்களிலிருந்து வரும் காய்ச்சல்காரர்களிடம் டாக்டர்கள் முதலில் தேடுவது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும் கறுப்புப் பொருக்கைத்தான். எஸ்கார் என்பார்கள்.

மாணவியின் தீசிஸில் 112 ரெஃபரன்ஸ்கள் இருந்தன. அதைச் சுருக்கி ஓர் இதழுக்குக் கட்டுரையாக அனுப்பியிருந்தார். இதழ் அனுமதித்தது 30. மூன்று வாரத்தில் கட்டுரை திரும்பி வந்தது. கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கைக்குப் போவதற்கு முன்பே, அலுவலகச் சரிபார்ப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம் இவ்வளவுதான்: ரெஃபரன்ஸ்கள் இதழின் முறைப்படி இல்லை, 30 நாளுக்குள் சரிசெய்து அனுப்பவும்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் டூட்டி முடிந்து, பென் டிரைவுடன் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, கமா, ஃபுல்ஸ்டாப் மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ரெண்டு நாள்ல ஆயிருமா?"

"ஆயிரும் டாக்டரம்மா" என்றேன். கோப்பைத் திறந்து பார்க்காமல் அப்படிச் சொன்னது என் தவறு.

முதல் பார்வையில் கண்டது

பட்டியலைப் பார்த்தவுடனே மூன்று விதமான கைகள் தெரிந்தன. சில பதிவுகள் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. அவற்றில் எல்லா ஆசிரியர் பெயரும் இருந்தன, பின்னால் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ, பிஎம்ஐடி எண்களும் இருந்தன. சில, கூகுள் ஸ்காலரில் வேன்கூவர் என்ற வரியிலிருந்து எடுத்தவை. வேன்கூவர் என்பது மருத்துவ இதழ்களில் எண் போட்டு மேற்கோள் காட்டும் முறை, அதில் இதழின் பெயரைச் சுருக்கி எழுத வேண்டும். கூகுள் ஸ்காலரில் பெயர் வேன்கூவர் என்றாலும் அது இதழின் பெயரைச் சுருக்காமல் முழுசாகத் தரும். மீதி, தீசிஸிலிருந்து கையால் அடித்தவை. 'இந்தியன் ஜே மெட் ரெஸ்' என்று வர வேண்டியது ஓரிடத்தில் 'இண்ட் ஜே மெட் ரெஸ்' என்றும், இன்னோரிடத்தில் முழுப் பெயராகவும் இருந்தது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகப் பட்டியலில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரே ஒரு சுருக்கம்தான் உண்டு, அதை நாமாக உண்டாக்க முடியாது. லான்செட் போல ஒற்றைச் சொல் பெயரென்றால் சுருக்கமே கிடையாது.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. இதழ் அனுமதிப்பது 30, பட்டியலில் இருந்தது 31. சரி, ஒன்று கூடிவிட்டது போல என்று கட்டுரைக்குள் போய்ப் பார்த்தால், உள்ளே எண்கள் 30-உடன் நின்றுவிட்டன. 31-ஐ யாரும் எங்கும் சுட்டவில்லை. 9 என்ற எண் மட்டும் இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு இரண்டு இடத்தில் வந்தது.

மாணவிக்குப் போன் செய்து கேட்டேன். அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அந்த வருடம் வந்த ஒரு பெரிய ஆய்வை முன்னுரையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் கைடு. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் நடந்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2023 மார்ச்சில் வெளிவந்த ஆய்வு அது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ரத்தக்குழாய் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது. சேர்க்க வேண்டிய ஆய்வுதான். மாணவி அதைப் பட்டியலில் ஒன்பதாவதாக நுழைத்து, கீழே உள்ளவற்றை ஒவ்வோர் எண் தள்ளிவிட்டார். கட்டுரைக்குள் இருந்த பழைய எண்களைத் தள்ளவில்லை. இரவு டூட்டிக்கு நடுவே செய்த வேலை.

விளைவு, பழைய 9 முதல் 30 வரை 22 எண்களும் ஒரு படி தவறான கட்டுரையைக் காட்டின. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கலாம் என்ற வாக்கியத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், வெயில்-ஃபீலிக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்று பேசும் கட்டுரையில் போய் நிற்க வேண்டியிருந்தது.

இதழ் அலுவலகத்தின் குறிப்பில் இது எதுவும் இல்லை. நான் கமாவையும் புள்ளியையும் மட்டும் திருத்திக் கொடுத்திருந்தால் பட்டியல் பார்வைக்கு அழகாக இருந்திருக்கும். 22 எண்களும் பொய் சொல்லிக்கொண்டே அச்சுக்குப் போயிருக்கலாம்.

அட்டவணைக்குள் இருந்த சிக்கல்

இந்தப் பிழையைத் தேடும்போது இன்னொன்று கிடைத்தது. இரண்டாம் அட்டவணை, தங்கள் முடிவுகளை மற்ற இந்திய ஆய்வுகளோடு ஒப்பிடுவது. அதற்குள் 19 முதல் 24 வரை எண்கள் இருந்தன. ஆனால் 'அட்டவணை 2-ஐக் காண்க' என்ற சொல் கட்டுரையில் 12-ஆம் எண்ணுக்கு முன்பே வந்துவிடுகிறது.

வேன்கூவர் முறையில் எண் என்பது வாசகர் சந்திக்கும் வரிசை. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸ்களுக்கு, அந்த அட்டவணை கட்டுரையில் முதல்முதலாகக் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண் கொடுக்க வேண்டும். அட்டவணை கோப்பின் கடைசியில் தனித்தாளில் இருப்பதால் அதன் எண்களும் கடைசியில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கடைக்கு வரும் கட்டுரைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான். எண்ணைக் கையால் போடுகிற வரைக்கும் இது மாறாது.

எடுத்த முடிவுகள்

மாணவியிடம் இன்னொரு கோப்பும் இருந்தது. திரும்பி வந்த பட்டியலை ஒரு சாட்பாட்டிடம் கொடுத்து வேன்கூவர் முறைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஒரு புள்ளி பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு டிஓஐ-யாகத் திறந்தபோது ஒன்று வேறு ஏதோ கட்டுரைக்குப் போனது, ஒன்று எங்கேயும் போகவில்லை. ஒரு தலைப்பில் சொல் மாறியிருந்தது. மூலத்தில் இல்லாத பக்க எண் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அந்தக் கோப்பை முழுதாக ஒதுக்கினோம். வடிவம் சரியாக இருந்து செய்தி தப்பாக இருப்பது, வடிவம் கோணலாக இருப்பதைவிட ஆபத்தானது. கோணலாக இருந்தால் யாராவது நின்று பார்ப்பார்கள்.

பழைய பட்டியலைத் துடைத்துச் சரிசெய்வதையும் விட்டோம். ஸோட்டிரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் புதிதாக ஒரு தொகுப்பு திறந்து, பிஎம்ஐடி அல்லது டிஓஐ எண்ணைக் கொடுத்து ஒவ்வொரு கட்டுரையையும் மூலத்திலிருந்தே இறக்கினோம். பின்வாங்கப்பட்ட கட்டுரை ஏதாவது உள்ளே வந்தால் அந்த மென்பொருளே சிவப்பு எச்சரிக்கை காட்டும். இந்தத் தொகுப்பில் அப்படி எதுவும் வரவில்லை.

மூன்றாவது முடிவுதான் நேரத்தைத் தின்றது. ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் ஒரு சீட்டு போட்டேன். சீட்டின் மேல் பாதியில் நம் கட்டுரை என்ன சொல்கிறது, கீழ்ப் பாதியில் மூலக் கட்டுரை எந்தப் பக்கத்தில் என்ன சொல்கிறது. 31 சீட்டு. எண் ஒரு படி தள்ளிப்போயிருந்த பிறகு, எந்த வாக்கியம் எந்த மூலத்துக்குச் சொந்தம் என்பதை ஞாபகத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கைடுக்கு இது பிடிக்கவில்லை. கடைக்கே வந்துவிட்டார்.

"கமாவைச் சரி பண்ணச் சொன்னா, நீரு கட்டுரையையே பிரிச்சுப் போட்டுருக்கீராமே வே? தேதி இருக்கு, பாத்துக்கிடும்."

அவர் கவலை நியாயமானதுதான். இதழுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று அவர் சலித்துக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. அந்தச் சலிப்பிலிருந்துதான் வேன்கூவர் முறையே பிறந்தது. ஓர் இதழ் திருப்பி அனுப்பினால் அடுத்த இதழுக்காகக் கட்டுரை முழுவதையும் மறுபடி டைப் அடிக்க வேண்டிய காலத்தில், 1978-இல் கனடாவின் வேன்கூவர் நகரத்தில் சில இதழ் ஆசிரியர்கள் கூடி ஒரு பொது முறை வேண்டும் என்று பேசினார்கள். 1979-இல் அது வெளிவந்தது. அந்தக் குழுதான் பிறகு ஐசிஎம்ஜேஇ என்ற, மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆனது.

அவரிடம் நான் வாதம் செய்யவில்லை. கர்ப்பிணிகளைப் பற்றிய சீட்டை எடுத்து நீட்டினேன். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இத நம்பி ஒரு பிஎச்சி டாக்டர் மூலத்தத் தேடிப் போனா, நடுத்தெருவுல நிப்பாரே" என்றார். அப்புறம், "முழுசாவே பாத்துரும் வே. நான் வேணும்னா தேதி கேட்டு எழுதுதேன்."

எழுதினார். இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தது.

சீட்டுகள் காட்டியவை

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை தாண்டியது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் மூழ்கியது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மாணவி வார்டை விட்டு நகர முடியவில்லை. முந்தின நாளே மூலக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அச்செடுத்து வைத்திருந்ததால், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சீட்டுகளை முடித்தேன். திரையில் தேடிப் பாயாமல், தாளில் வரிவரியாகப் படித்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் அடுத்துச் சொல்லும் விஷயம் கண்ணில் பட்டிருக்காது.

நோயை உறுதிசெய்ய ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். அதில் 0.5-க்கு மேல் வந்தால் பாசிட்டிவ், இது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு என்று எழுதி, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் ஒரு மறுஆய்வுக் கட்டுரையைக் காட்டியிருந்தார் மாணவி. மறுஆய்வுக் கட்டுரையில் அந்த வரி இருந்தது, ஆனால் அதுவும் இன்னொரு கட்டுரையைத்தான் காட்டியது. அதைத் தேடி எடுத்துப் படித்தால், தங்கள் பகுதியில் நோயில்லாதவர்களின் ரத்தத்தைச் சோதித்து அந்த அளவுக்கு வந்ததாகவும், மற்ற பகுதிக்காரர்கள் தங்களுக்கான அளவைத் தாங்களே கணக்கிட வேண்டும் என்றும் இருந்தது. மூலம் நிபந்தனையோடு சொன்னதை நடுவில் இருந்தவர் நிபந்தனை இல்லாமல் சொல்லிவிட்டார். நம் கட்டுரை அதை விதியாகவே ஆக்கிவிட்டது.

இது புதிதல்ல. 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளில், அபின் வகை வலிமருந்து பெற்றபின் அதற்கு அடிமையானவர்கள் மிகக் குறைவு என்று சொன்னது. 2017-இல் அதே இதழில் ஒரு கணக்கு எடுத்தார்கள். அதுவரை 608 கட்டுரைகள் அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. அவற்றில் 72 சதவீதம், அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டின. ஏறத்தாழ ஐந்தில் நான்கு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அந்தக் கடிதம் எத்தனை கைகளில் வடிவம் பிசகாமல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

எலைசா வாக்கியத்தை மாணவியும் கைடும் மாற்றி எழுதினார்கள். எந்தக் கிட், எந்த அளவு என்பதை மட்டும் செய்முறையில் சொன்னார்கள். இந்தப் பகுதிக்கென்று தனியாகக் கணக்கிடவில்லை என்பதை ஆய்வின் வரம்புகளில் சேர்த்தார்கள்.

இன்னும் ஒரு வாக்கியத்திலும் இப்படி இரண்டாம் கைச் செய்தி இருந்தது. அதற்கு மூலம் கிடைக்கவில்லை. வாக்கியத்தையும் ரெஃபரன்ஸையும் எடுத்துவிட்டதில் பட்டியல் 30-க்கு வந்தது.

பெயர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ச் சிக்கல்.

பட்டியலில் ஒரே தமிழ் மருத்துவரின் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஒன்றில் அவர் பெயர் முதலிலும் இனிஷியல் பின்னாலும் இருந்தது. இன்னொன்றில் தகப்பனார் பெயர் முன்னால் வந்து, அவருடைய சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் நின்றது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு தடவை தகப்பனார் பெயரைப் போட்டுவிட்டால் கட்டுரை முழுக்க 'சுடலைமுத்து ஐ' என்று உலகம் சுற்றும். மகன் உழைத்ததற்கு அப்பா பெயர் நிற்கும்.

மாணவி அதை ஒரே மாதிரி ஆக்கியிருந்தார். அந்த மருத்துவரை அவருக்கு நேரில் தெரியும், மரியாதைக்காகச் செய்ததுதான். நான் பழையபடி மாற்றினேன். அச்சில் எப்படி வந்ததோ, பப்மெட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே ரெஃபரன்ஸில் இருக்க வேண்டும். நாம் திருத்தினால் தேடுகிறவருக்குக் கட்டுரை அகப்படாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மாணவியிடம் அவருடைய சொந்தப் பெயரை எந்த வடிவத்தில் போடுவது என்று அன்றைக்கே முடிவுசெய்து, ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்கிட் எண்ணும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

நடந்தது

ரெண்டு நாள் என்று ஒப்புக்கொண்ட வேலைக்கு 19 நாள் ஆயிற்று. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பேர், அப்புறம் 'எட் ஆல்', அதாவது மற்றும் பிறர். பக்க எண் 1123-9 என்று சுருக்கமாக. மேற்கோள் எண் முற்றுப்புள்ளிக்குப் பின்னால், மேலெழுத்தாக, சதுர அடைப்புக்குள். இவையெல்லாம் அந்த இதழின் விதிகள். ஸோட்டிரோவில் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, இதழின் சமீபத்திய இரண்டு கட்டுரைகளோடு ஒப்பிட்டுக் கடைசித் திருத்தங்களைச் செய்ய அரை நாள் போதுமாக இருந்தது.

ஜனவரியில் கட்டுரை அலுவலகச் சரிபார்ப்பைத் தாண்டி ரிவ்யூவர்களிடம் போனது. ஏப்ரலில் கேள்விகள் வந்தன. ஒருவர் கேட்ட முதல் கேள்வியே எலைசா அளவு எங்கிருந்து வந்தது என்பதுதான். அதற்கு மாணவி உட்கார்ந்த இடத்திலேயே பதில் எழுதினார், சீட்டு கையில் இருந்தது.

பிழை நடந்தது என் பக்கத்தில். இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சேர்க்க வேண்டும் என்று ரிவ்யூவர் கேட்டிருந்தார். வரம்புக்கு மேல் போவதற்கு இதழ் சம்மதித்தது. சேர்க்கக் கோப்பைத் திறந்தால், எண்கள் எல்லாம் வெறும் எழுத்தாக இருந்தன. ஜனவரியில் அனுப்பும்போது, எண்களைத் தானாக மாற்றித் தரும் ஸோட்டிரோ இணைப்பை அறுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அதை அறுத்திருந்தேன். இணைப்போடு ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் இணைக்க நேரமில்லாமல், அந்த இரண்டையும் கையால் அடித்து, எண்களையும் கையால் தள்ளினேன். எந்தப் பிழையைக் கண்டுபிடித்தேனோ அதே பிழைக்கான வழியை நானே திறந்துவிட்டேன்.

எண்களை மூன்று தடவை சரிபார்த்ததால் அவை பிசகவில்லை. ஆனால் சேர்த்த இரண்டில் ஒன்று பக்க எண் இல்லாத, கட்டுரை எண் மட்டும் உள்ள இணைய இதழ். அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டேன். வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க வரும் ப்ரூஃபில் பதிப்பகம் வேறு இரண்டு ரெஃபரன்ஸ்களைப் பற்றிக் கேட்டது, இதைக் கேட்கவில்லை. டிஓஐ சரியாக இருந்ததால் அவர்கள் கணினிக்கு இது பிழையாகத் தெரியவில்லை. கட்டுரை வெளிவந்த பிறகு மாணவிதான் கண்டுபிடித்துச் சொன்னார். இதழுக்கு எழுதினோம். டிஓஐ வழியாக மூலம் கிடைப்பதால் தனித் திருத்தம் வெளியிடத் தேவையில்லை என்று பதில் வந்தது. பிழை அப்படியே இருக்கிறது.

மாற்றிக்கொண்டவை

கோப்பைத் திறந்து, பட்டியலில் எத்தனை, கட்டுரைக்குள் கடைசி எண் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் இப்போது எந்த வேலைக்கும் நாள் சொல்வதில்லை. எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கூலியும் நாளும் வேறு.

இணைப்பு அறுக்காத பிரதி ஒன்றும், அறுத்து அனுப்பிய பிரதி ஒன்றும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு ஃபோல்டரில் இருக்கும். மாணவர் கையிலும் இரண்டும் இருக்க வேண்டும் என்று பென் டிரைவில் நானே போட்டுக் கொடுக்கிறேன்.

31 சீட்டும் எல்லாக் கட்டுரைக்கும் போட எனக்கு நேரம் கிடைப்பதில்லை. மருந்தின் பெயர், அளவு, பரிசோதனையின் எல்லை எண், கர்ப்பிணி, குழந்தை என்ற சொற்கள் வரும் வாக்கியங்களுக்கு மட்டும் கட்டாயம் போடுகிறேன். மற்றவற்றுக்கு மாணவர்களையே போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள்.

அந்த மாணவி இப்போது சீனியர் ரெசிடென்ட். போன மாதம் அவருடைய ஜூனியர் ஒருவர், முதல் வருட பி.ஜி., கடைக்கு வந்தார். கையில் தீசிஸ் இல்லை, லேப்டாப் மட்டும்தான். "அக்கா அனுப்புனாங்க அண்ணாச்சி, எழுத ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே ஸோட்டிரோ போட்டுக்கிடச் சொன்னாங்க" என்றார்.